தேர்க்காலும் டயர்த்தடமும்

சிதம்பரம் நடராசர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில்தான் சேக்கிழார் தம் திருத்தொண்டர் புராணத்தை அரங்கேற்றினார் என்பது மரபு. அந்நூலின் தொடக்கத்திலேயே, திருநகரச் சிறப்பில், ஒரு சாலை விபத்து நிகழ்கிறது. இப்படிச் சொல்வதைக் கேட்டு அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். திருவாரூர்த் தெருவில் அரசிளங்குமரன் தேரேறி வருகிறான். துள்ளி வந்த பசுங்கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மடிகிறது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கும் ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்து ஒலிக்கிறது. இன்றைய காவல் நிலையப் பதிவேட்டில் எழுதினால், வாகனம் மோதி ஓர் உயிர் போன வழக்கு. பாண்டியன் அவையில் தன் ஊர்ப் பெருமை பேசும் கண்ணகி, புறாவின் துயர் தீர்த்தவன் கதையை அடுத்து இதைத்தான் சொல்கிறாள். திருவாரூர்க் கோயிலில் விக்கிரம சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும் இக்கதையைப் பேசுகிறது. தமிழ் மண்ணில் இவ்வளவு நெடுங்காலம் நினைவில் வைக்கப்பட்ட விபத்து வேறொன்று இருக்குமென்று நமக்குத் தோன்றவில்லை.

அக்கதையில் புலன் விசாரணைக்கு மட்டும் வேலையே இல்லை. தேர் எதுவென்று தெரியும், ஏறிவந்தவன் யாரென்று தெரியும், நடந்ததை அமைச்சர் ஒருவர் அரசனிடம் எடுத்துச் சொல்லியும் விடுகிறார். எஞ்சுவது நீதி ஒன்றே. தேர் நிற்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தெருவில் யாரும் இல்லாத நள்ளிரவாக இருந்திருந்தால்? பசு மணியை அடித்திருக்கும். மன்னனும் ஓடி வந்திருப்பான். யார் மீது தேரை ஓட்டுவது?

இக்கேள்வி எங்களுக்குக் கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் பேருந்தில் எழுந்தது. ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்கவென்று நண்பர்கள் நால்வர் கிளம்பியிருந்தோம். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரத்தை நெருங்கும்போது பேருந்து ஊர்ந்தது. சாலையில் சுண்ணாம்புக் கோடு. அதற்குச் சற்று முன்பாகத் தாரின் மேல் இரண்டு கரிய பட்டைகள், ஓரமாகச் சாய்ந்து சென்று சட்டென்று முடிந்திருந்தன. ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. புதுச்சத்திரத்தில் இறங்கித் தேநீர்க் கடையில் விசாரித்தோம். "விடியக்காலமுங்க. லாரின்னும் சொல்றாங்க, வேன்னும் சொல்றாங்க. கண்ணால பார்த்தவங்க யாருமில்ல. வண்டி நிக்கலை" என்றார் கடைக்காரர். நிற்கவில்லை என்று அவர் சொன்னது முழுவதும் சரியன்று. நிற்க முயன்றிருக்கிறது, பிரேக் மிதிபட்டிருக்கிறது என்பதற்கு அவ்விரு கரிய பட்டைகளே சாட்சி. பிறகுதான் போய்விட்டது.

அந்தக் கரிய பட்டை என்ன பொருளால் ஆனது, அது எவ்வளவு பேசும் என்று தேடப் புகுந்ததின் விளைவே இக்கட்டுரை.

சக்கரத்தின் தடத்தை நம் முன்னோர் அறியாதவர்கள் அல்லர். கழிக்கரை மணலில் தலைவனின் தேர் பதித்த வடு நெய்தல் பாடல்களில் வரும். ஊரார் அலர் தூற்ற அதுவே போதுமானது. ஆனால் மரச்சக்கரமும் அதன்மேல் பூட்டிய இரும்புப் பட்டையும் மண்ணில் விட்டுச் செல்வது வடிவத்தை மட்டுந்தான். அகலம் தெரியும், ஆழம் தெரியும், போன திசை தெரியும். மழை பெய்தால் அதுவும் இல்லை. சிதம்பரத் தேர்வீதிகளில் இன்றும் பெருந்தேரை நிறுத்துவது முட்டுக்கட்டைதான். தேய்வதும் நசுங்குவதும் அந்தக் கட்டையே, சக்கரம் அன்று.

ரப்பர் டயர் அப்படியன்று. அது தன்னையே சிறிது விட்டுச் செல்கிறது. பிரேக் இறுகிச் சக்கரம் சுழலாமல் வழுக்கும்போது உராய்வின் வெம்மையில் டயரின் மேற்பரப்பு இளகிச் சிராய்ந்து, சாலையின் கற்பொருக்குகளில் மெழுகுபோல் அப்பிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் கருமையில் ஒரு பகுதி வெம்மையால் மேலெழும் தாரினுடையதாக இருக்கலாம். எனினும் அதனூடே டயரின் துகள்களும் இருக்கும். லியோன் நகரில் 1910இல் ஆய்வுக்கூடம் தொடங்கிய எட்மண்ட் லோகார்டின் பெயரால் தடயவியல் மாணவர் முதற்பாடமாகக் கற்கும் கொள்கை ஒன்று உண்டு: இரு பொருள்கள் தொட்டுப் பிரிந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதேனும் கடந்திருக்கும். சாலையில் அப்பிய டயரைவிட அதற்கு வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. டயர் கறுப்பு என்பது நமக்கு இயல்பாகப் போய்விட்டது. தொடக்க காலத்து டயர்கள் வெளிறியவை. துத்தநாக ஆக்சைடு கலந்தவை வெண்மையாகவே இருந்தன. லண்டனை அடுத்த சில்வர்டவுன் ஆலையில் 1904இல்தான், புகைக்கரியைச் சேர்த்தால் ரப்பரின் உறுதி கூடுகிறது என்று கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் டயர்கள் கறுத்தன. மிஷெலின் நிறுவனத்தின் டயர்மனிதன் இன்றும் வெள்ளையாக நிற்பது அந்தப் பழைய நாளின் எச்சம். ஆக, சாலையில் நாம் காணும் கரிய பட்டைக்கு வயது நூற்றுப்பத்து, நூற்றிருபது ஆண்டுகள்தாம்.

அந்தப் புகைக்கரியே வேதியியலாருக்குப் பெருந்தொல்லையாகவும் ஆயிற்று. ஒரு பொருளின் மீது அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, அது விழுங்கும் அலைகளைக் கொண்டு இன்ன பொருள் என்று சொல்வது வழக்கமான முறை. கரி எல்லா அலைகளையும் விழுங்கிவிடுகிறது. கந்தகத்தால் பதப்படுத்திய ரப்பரோ எந்தக் கரைப்பானிலும் எளிதில் கரையாது. சார்லஸ் குட்இயர் 1839இல் கண்ட அந்தப் பதப்படுத்தலின் பயனே அதுதானே! ஒளிக்கும் இசையாது, நீருக்கும் எண்ணெய்க்கும் இசையாது. எஞ்சியிருப்பது நெருப்பு.

நெருப்பின் வழியை டயர் பிறப்பதற்கு முன்பே கண்டுவிட்டார்கள் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. மைக்கேல் ஃபாரடே 1826இல் ரப்பர் பாலை ஆராய்ந்து, ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தைச் சொன்னார். 1860இல் கிரெவில் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேய வேதியியலார் ரப்பரைக் காற்றுப்படாமல் சூடாக்கிச் சிதைத்து, வெளிவந்த ஆவியைக் குளிர்வித்து, இலேசான ஒரு திரவத்தைப் பிரித்தெடுத்தார். அதற்கு ஐசோப்ரீன் என்று பெயரிட்டார். கூடவே கனமான மற்றொன்றும் வந்தது. டைபென்ட்டீன் என்று பின்னர் அழைக்கப்பட்ட அது, எலுமிச்சைத் தோலின் மணத்திற்குக் காரணமான லிமோனீனின் நெருங்கிய உறவு. சுட்டெரித்த ரப்பருக்குள் எலுமிச்சை இருப்பதை எண்ணி வியக்கலாம்.

இன்று தடயவியல் ஆய்வுக்கூடத்தில் நிகழ்வதும் அடிப்படையில் வில்லியம்ஸ் செய்ததுதான். சாலையிலிருந்து உருப்பெருக்கியின்கீழ் சுரண்டியோ, ஒட்டுத்தாளால் ஒற்றியோ எடுத்த துகள், மணற்பொடியினும் சிறியது, ஒரு நுண்குழலில் வைக்கப்படுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் பல நூறு பாகை வெப்பம் அதில் பாய்கிறது. நீண்ட ரப்பர்ச் சங்கிலி துண்டு துண்டாக உடைகிறது. அத்துண்டுகளின் ஆவி, கேஸ் குரோமட்டோகிராப் என்னும் கருவியின் நீண்ட மெல்லிய குழாய் வழியே ஓட்டப்படுகிறது. இலேசானவை முந்தியும் கனமானவை பிந்தியும் வெளியேறும். வெளியேறும் ஒவ்வொன்றையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் நிறை பார்த்து இன்னதென்று சொல்லிவிடும். காகிதத்தில் மலைத்தொடர்போல் ஒரு வரைவு விழுகிறது. ஐசோப்ரீனும் டைபென்ட்டீனும் உயர்ந்த சிகரங்களாக நின்றால் அது மரத்தில் வடிந்த இயற்கை ரப்பர். ஸ்டைரீன் நிமிர்ந்து நின்றால் செயற்கை ரப்பர் கலந்தது. பியூட்டடையீனும் அது இரட்டித்த வைனில்சைக்ளோஹெக்சீனும் தெரிந்தால் வேறொரு செயற்கை ரப்பரும் உண்டு. இக்கருவிகள் வருவதற்கு முன்பு, 1940களில், எரியும் ரப்பரின் ஆவியை ஒரு கரைசலில் செலுத்தி நிறம் பார்த்தார்கள். இயற்கை ரப்பர் என்றால் நீலமும் ஊதாவும், ஸ்டைரீன் ரப்பர் என்றால் பச்சை. கையளவு துண்டு கிடைத்தால் அது போதும். சாலையில் அப்பிய துகளுக்குப் போதாது.

அந்தச் சிகரங்களை வெறும் வேதியியலாக மட்டும் எங்களால் பார்க்க இயலவில்லை. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் 1876இல் கொண்டுவந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, நாற்றுகளாக இலங்கைக்கு வந்தன. அங்கிருந்து மலாயாவுக்கும் பரவின. அம்மரத்தில் பால் வடிக்கத் தஞ்சை, திருச்சி, சேலம், ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய அம்மக்களில் நம் தென்னாற்காட்டாரும் உண்டு. மலேசியத் தமிழர் அதைப் பால்மரம் என்றே அழைக்கின்றனர். 1942இல் சப்பான் மலாயாவைப் பிடித்தபோது நேச நாடுகளுக்கு ரப்பர் வரத்து அறுந்தது. அமெரிக்கா அவசர அவசரமாக ஸ்டைரீனையும் பியூட்டடையீனையும் இணைத்துச் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதையில் மடிந்துகொண்டிருந்தார்கள். ஆக அவ்வரைவில் ஐசோப்ரீன் சிகரம் ஒரு புலம்பெயர்வின் நினைவு. ஸ்டைரீன் சிகரம் ஒரு போரின் நினைவு. இது எங்கள் மிகையாகவும் இருக்கலாம், வாசகர் பொறுத்தருள்க.

விசாரணைக்கு இதனால் என்ன பயன்? கனத்த சுமை ஏற்றும் லாரி, பேருந்து டயர்களின் தரையைத் தொடும் பகுதி பெரும்பாலும் இயற்கை ரப்பரால் ஆனது. ஓயாத நெளிவில் அது குறைவாகவே சூடேறும் என்பதே காரணம். கார் டயரில் ஸ்டைரீன் ரப்பரே மிகுதி. எனவே புதுச்சத்திரத்துக் கடைக்காரர் சொன்ன "லாரின்னும் சொல்றாங்க, வேன்னும் சொல்றாங்க" என்ற ஐயத்தைத் தீர்க்கச் சாலையில் அப்பிய ஒரு துகள் உதவக்கூடும். சந்தேகத்தின் பேரில் ஒரு வண்டி பிடிபட்டால், அதன் டயரையும் சாலைத் துகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ரப்பரோடு சேர்த்த எண்ணெய், கந்தகச் சேர்மங்கள், வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்காமல் காக்கும் வேதிப்பொருள்கள் ஆகியவை ஒவ்வொரு தயாரிப்பாளரின் கைப்பக்குவம். ஒரே குழம்பை இரு வீட்டில் வைத்தாலும் ருசி மாறுவதில்லையா, அதுபோல. சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில், 1909இலேயே தடயவியலுக்கெனத் துறை கண்ட இடத்தில், இத்தகைய டயர்த் தடங்களைச் சிதைவு வரைவுகளின் வழியே பிரித்தறிவது பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது.

ஆனால் கட்டுரைகளில் படிப்பதை அப்படியே பெயர்த்தெடுத்துக் கடலூர்ச் சாலையில் வைத்துவிட முடியாது. நாங்கள் இதில்தான் அதிக நேரம் செலவிட்டோம். முதலாவது, பட்டன் போட்ட டயர். நம் லாரிகள் டயரின் பட்டன் தேய்ந்து மொட்டையானவுடன் அதைத் தூக்கி எறிவதில்லை. அடியுடல் நன்றாக இருந்தால் மேலே புதிய ரப்பர்ப் பட்டை ஒட்டி மீண்டும் ஓட்டுவார்கள்; அதையே இரண்டாம் முறையும் செய்வதுண்டு. இது தமிழ்நாட்டில் பெருந்தொழில். திருவொற்றியூரில் 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1952இல் இறங்கியது இந்த மேற்பட்டை ரப்பர் தயாரிப்பில்தான். டயர் செய்தது 1961இல். ஆக, டயரின் பக்கவாட்டில் ஒரு பெயர் இருக்கும்; சாலையில் அப்பும் ரப்பரோ வேறெங்கோ வெந்து வந்ததாக இருக்கும். பக்கவாட்டுப் பெயரை நம்பி ஒப்பிட்டால் வழக்கு தடம்புரளும். இன்னொரு கோணத்தில் இதுவே நன்மையும் ஆகலாம். ஒரு லாரியின் ஆறு சக்கரங்களிலோ பத்துச் சக்கரங்களிலோ இரண்டு மூன்று வகை மேற்பட்டைகள் கலந்து கிடந்தால் அந்தக் கலவையே அதன் அடையாளம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றிச் செல்லும் டிராக்டர்களின் இழுவைப் பெட்டிகளைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியும்: ஒரு சக்கரத்தைப்போல் இன்னொரு சக்கரம் இராது.

இரண்டாவது, சாலையே டயரை உண்டிருக்கிறது. பழைய டயர்களை அரைத்துத் தாரோடு கலந்து போடும் முறை இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டு நூல்களில் இடம்பெற்று, நெடுஞ்சாலைகளில் பயன்பட்டும் வருகிறது. வெடிப்பு குறைகிறது, கோடையில் தார் இளகி ஓடுவதும் குறைகிறது; நல்ல காரியந்தான். ஆனால் அத்தகைய சாலையில் சுரண்டி எடுத்த துகளில் ரப்பர் இருக்கிறது என்று ஆய்வாளர் சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், "சாலையில் எங்கே சுரண்டினாலும் இருக்குமே ஐயா" என்பார். அவர் சொல்வது நியாயம். அதனால்தான் தடம் பதிந்த இடத்தில் ஒன்று, அதற்கு ஓரடி தள்ளித் தடமில்லாத இடத்தில் ஒன்று என்று இரண்டாக எடுக்க வேண்டும். இரண்டாவதை எடுக்காமல் விட்டால் முதலாவதற்கு மதிப்பில்லை.

இன்னும் சில இடர்களும் உண்டு. டயரின் மேற்பகுதியிலேயே மேலடுக்கு, கீழடுக்கு என்று இருவேறு கலவைகள் இருப்பதால் புதிதாக இருந்தபோது விட்ட தடமும் தேய்ந்தபின் விட்ட தடமும் வேறுபடலாம். பிரேக் பிடித்தாலும் சக்கரம் முற்றும் இறுகாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரலிலிருந்து புதிய கார்களுக்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளுக்கும் கட்டாயம். அது உயிர் காப்பது, ஆனால் அதன் தடம் மங்கலானது. மேலைநாட்டு டயர்களைவிட நம் டயர்களில் இயற்கை ரப்பர் கூடுதல் என்பதால் அங்குத் தொகுத்த அட்டவணைகள் இங்கே முழுதும் பொருந்தா. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கலவையில் வார்த்த ஆயிரக்கணக்கான டயர்கள் ஒரே வரைவைத்தான் தரும். எனவே வேதியியல் "இந்த வண்டி" என்று விரல் நீட்டாது; "இந்த வகை டயர்" என்று வட்டம் போடும்; "இந்த வண்டி அன்று" என்று விடுவிக்கவும் செய்யும். நிரபராதியான ஓர் ஓட்டுநருக்கு அந்த இரண்டாவது பயன் எத்தனை பெரியது! உடைந்த விளக்குக் கண்ணாடி, பெயர்ந்த வண்ணப்பூச்சு, டயரின் வெட்டுக்காயங்கள், குருதித் துளி ஆகியவற்றோடு சேர்த்து வைத்தால்தான் வட்டம் சுருங்கிப் புள்ளியாகும்.

இவ்வாறு வேதியியலை வழக்குமன்றத்திற்கு அழைத்து வந்ததில் சென்னைக்கு ஒரு முதன்மை உண்டு. இந்தியாவின் முதல் அரசு வேதிப் பரிசோதகர் ஆய்வுக்கூடம் 1849இல் சென்னை மாகாணத்தில்தான் ஏற்பட்டது. கல்கத்தா 1853இலும், ஆக்ரா 1864இலும், பம்பாய் 1870இலும் பின்தொடர்ந்தன. அன்றைய வேலை பெரும்பாலும் நஞ்சு: வெள்ளைப் பாஷாணம், ஊமத்தை, அரளி. இறந்தவரின் வயிற்றுப் பொருளைப் பாண்டத்தில் அடைத்து முத்திரையிட்டு மாவட்டங்களிலிருந்து அனுப்புவார்கள். பரிசோதகர் நேரில் வந்து சாட்சி சொல்லாமலே அவரது அறிக்கையை ஏற்கலாம் என்று 1898ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 510ஆம் பிரிவு இடம் தந்தது. அந்த ஏற்பாடு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் 293ஆம் பிரிவாகவும், 2024 சூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 329ஆம் பிரிவாகவும் தொடர்கிறது. சென்னைக்கு வெளியே வட்டார ஆய்வுக்கூடங்களும் எழுந்தன. நமக்கு அண்மையில் விழுப்புரத்தில் ஒன்று உள்ளது. ஆகவே, கடலூர்ச் சாலையின் கரிய பட்டைக்கும் கருவிக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

பின் எது குறுக்கே நிற்கிறது? சட்டத்தின் ஒரு கணக்கு என்றே நாங்கள் கருதுகிறோம். புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை தரத்தக்க குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நிகழ்விடத்திற்கு வந்து தடயம் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும். கவனக்குறைவால் உயிர் போக்குவதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் ஈராண்டு; புதியதன் 106(1)இல் ஐந்தாண்டு. ஏழுக்கு இரண்டு குறைவு. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுவோருக்குப் பத்தாண்டு என்று 106(2)ஆம் பிரிவு எழுதப்பட்டது. 2024 சனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பிரிவு மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. ஓட்டுநர்களின் அச்சம் பொய்யன்று. நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும் என்ற பயத்தில் ஓடுபவரும் உண்டு. அவர்களுக்குப் பத்தாண்டு என்பதில் எங்களுக்கும் உடன்பாடில்லை. ஆனால் தண்டனையின் அளவைக் கொண்டு தடயத்தின் தேவையை அளந்ததால், வண்டி மோதி மாண்டவரின் சாலைக்கு வல்லுநர் வந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமற் போய்விட்டது. தண்டனை சிறிதாக இருக்கட்டும். உண்மை ஏன் சிறிதாக வேண்டும்?

ஏனெனில் அங்கே தண்டனை மட்டும் பொருளன்று. வண்டி இன்னதென்று தெரிந்தால், இறந்தவரின் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்குப் போகலாம். அவர் வயது என்ன, வருவாய் என்ன, அவரை நம்பி எத்தனை பேர் என்று கணக்கிட்டு, காப்பீட்டு நிறுவனம் பல இலட்சங்கள் தர நேரும். தெரியாவிட்டால் சட்டம் ஒரு நிலையான தொகையை மட்டும் நீட்டும். 1982இல் இவ்வேற்பாடு வந்தபோது ஓர் உயிருக்கு 5,000 ரூபாய். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 8,500. 1994இல் 25,000. அந்த 25,000 ரூபாய் இருபத்தெட்டு ஆண்டுகள் அசையாமல் நின்று, 2022 ஏப்ரல் முதல் நாளில்தான் 2,00,000 ஆயிற்று. ஒரே மரணம், ஒரே குடும்பம், ஒரே பசி. வண்டியின் பெயர் தெரியுமா தெரியாதா என்பதில் அவர்கள் வாழ்வு திசைமாறுகிறது.

எத்தனை பேர் இந்தத் தெரியாத வண்டிகளால் போகிறார்கள்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் மோதிவிட்டு ஓடிய வண்டிகளால் இறந்தோர் 30,486 பேர். ஐந்தில் ஒரு பங்கைத் தொடும் எண்ணிக்கை. அந்த நிலையான தொகையைக்கூட அவர்களின் குடும்பத்தார் வாங்கினார்களா என்றால், 2022-23 நிதியாண்டில் புதிய திட்டத்தின்கீழ் வந்த விண்ணப்பங்கள் நாடு முழுவதிலும் 205. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ச. இராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில்தான் இது உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. அப்படியொரு உதவி இருப்பதைக் காவல்துறை குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நீதிமன்றம் 2024 சனவரியில் உத்தரவிட்டது. மணி தொங்குகிறது, எங்கே தொங்குகிறது என்று பசுவுக்கு யாரும் சொல்லவில்லை.

வல்லுநர் வந்தால் போதாது, விரைவில் வரவேண்டும். பின்னால் வரும் ஒவ்வொரு வண்டியும் அத்தடத்தின் மேல் தன் ரப்பரைச் சிறிது பூசிப் போகிறது. மழை கழுவி ஓடைக்குக் கொண்டுபோகிறது. அந்தக் கழுவல் நீரின் கதை வேறு: டயரை வெடிக்காமல் காக்கும் பொருளொன்று ஓசோனோடு சேர்ந்து மாறி, அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் ஓடைக்கு முட்டையிட வரும் சால்மன் மீன்களைக் கொல்கிறது என்று 2020 திசம்பரில் வெளியான ஆய்வு காட்டியது. பரவனாற்றிலும் கெடிலத்திலும் எவ்வளவு கலக்கிறதோ என்ற கவலை எங்களுக்கு வந்தது. அதைத் தனியே எழுத வேண்டும்.

அன்று ஆயிரங்கால் மண்டபத்தின் முன் நெடுநேரம் நின்றிருந்தோம். நண்பர் ஒருவர் மனுச்சோழன் கதையில் தமக்குப் பிடித்த இடத்தைச் சொன்னார்: மணியோசை கேட்டதும் மன்னன் முதலில் கேட்பது தண்டனையைப் பற்றியன்று, இந்தப் பசுவுக்கு என்ன நேர்ந்தது என்றுதான். மாலையில் அதே வழியில் திரும்பினோம். புதுச்சத்திரம் வரும்வரை சன்னலோரம் பார்த்துக்கொண்டே வந்தோம். செருப்பு இல்லை. சுண்ணாம்புக் கோடு பாதி மறைந்திருந்தது. கரிய பட்டைகள் இரண்டில் ஒன்று மட்டும் தெரிந்தது. முன்னே சென்ற நெய்வேலி லாரியின் பின்சக்கரங்கள் அதன் மேலேயே ஏறிப் போய்க்கொண்டிருந்தன.